இல்லாத பள்ளத்துக்குப் பொன்னாடை

முதலில் அந்தப் பள்ளத்தைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ஏனென்றால் அப்படி ஒரு பள்ளமே கிடையாது.

ஆலங்கரை ஊரைத் தாண்டி, வாழைத்தோட்டம் முடிந்து, தாமிரபரணிக்கு இறங்கும் படுகையில் அது இருக்கிறது. ஒரு தென்னை மரத்தை உள்ளே நட்டுக்குத்தாக நிறுத்தினால் ஓலை மட்டும்தான் வெளியே தெரியும். அடியில் ஊற்றுத் தண்ணீர் கறுப்பாகக் கிடக்கும். ஊரில் எல்லோருக்கும் அதைத் தெரியும். ஆனால் தாலுகா ஆபீஸ் வரைபடத்தில் அந்த இடம் மேய்ச்சல் தரை, சமதளம். வரைபடத்தில் இல்லாத பள்ளத்தில் யாரும் விழ முடியாது அல்லவா? அதனால் அதில் விழுந்து செத்துப்போன காசிலிங்கம் வேறு எங்கேயோதான் விழுந்திருக்க வேண்டும் என்று அதிகாரிகள் யோசித்தார்கள். பக்கத்தில் ஆறு ஓடியது. தூக்கி ஆற்றில் போட்டார்கள். காகிதத்தில்தான்.

அது சித்திரை மாதம். ஆற்றில் அந்த இடத்தில் கணுக்கால் தண்ணீர். ஆற்றங்கரையிலேயே பிறந்து வளர்ந்த மனிதர் கணுக்கால் தண்ணீரில் எப்படி மூழ்குவார் என்று கேட்பீர்கள். அதற்கும் ஆபீசில் மருந்து இருந்தது. ‘குடிபோதையில்’ என்று ஒரு வார்த்தையைச் சேர்த்தார்கள். கணுக்கால் தண்ணீர் கழுத்துக்கு ஏறிவிட்டது.

கோயில் கொடை விழாவில்கூட வெல்லப் பானக்காரத்துக்கு மேல் எதையும் வாயில் வைக்காத மனிதர் காசிலிங்கம்.

நடந்தது இதுதான். உச்சிப்பொழுதில் அவருடைய வெள்ளாடு ஒன்று பள்ளத்தின் ஓரத்தில் முளைத்த பச்சையைக் கடிக்கப் போய் உள்ளே விழுந்தது. அதை எடுக்கப் போய் அவரும் விழுந்தார். ஆடு அரசாங்கம் கொடுத்த ஆடு, காதில் வில்லை குத்தியது. வில்லை குத்திய ஆடு செத்தால் கால்நடை டாக்டர் வந்து பார்த்து எழுதித் தர வேண்டும். வந்தவர் வேலைக்குப் புதிது. வரைபடத்தைப் பார்க்காமல் கண்ணால் பார்த்ததை அப்படியே எழுதிவிட்டார்: ‘ஆழமான பள்ளத்தில் விழுந்து இறப்பு.’

ஆக, காசிலிங்கத்தின் மனைவி ஆறுமுகத்தாயின் மஞ்சள் பையில் இரண்டு காகிதங்கள் இருந்தன. ஒரே நாளில் ஒரே தண்ணீரில் போன இரண்டு உயிர்களுக்கான காகிதங்கள். ஒன்றின்படி ஆடு பள்ளத்தில் விழுந்தது. மற்றதன்படி ஆட்டுக்காரர் குடித்துவிட்டு ஆற்றில் விழுந்தார்.

இரண்டையும் எடுத்துக்கொண்டு அவள் அதிகாரி தில்லைநாயகத்திடம் ஓராண்டு நடந்தாள். அவர் பொறுமையான மனிதர். ஒவ்வொரு தடவையும் இரண்டையும் முழுக்கப் படிப்பார். கால்நடை டாக்டரின் சான்று ஆடுகளுக்கு மட்டும் செல்லும் என்பார். மனிதர்கள் விழ வேண்டுமானால் அது ஆபீஸ் கணக்கில் ஏறிய பள்ளமாக இருக்க வேண்டும் என்பார். பிறகு, அடுத்த மாதம் வாருங்கள் என்பார்.

அவள் பெரிதாக ஒன்றும் கேட்கவில்லை. அந்த ஒரு வார்த்தையை அடிக்கச் சொன்னாள். நாங்குநேரியில் கட்டிக்கொடுத்த மகள் சுகன்யாவை அவள் மாமியார் இப்போது பெயர் சொல்லிக் கூப்பிடுவதில்லை. ‘குடிச்சிட்டுச் செத்தவரு மவ’ என்றுதான் கூப்பிடுகிறாள். காகிதத்திலேயே போட்டிருக்கிறதே என்கிறாள்.

இந்த நிலையில்தான் ஊருக்குள் நடுவம் வந்தது.

நடுவம் என்றால் ‘பொருநை கோதிக் குற்றப்புனைவு மற்றும் நிலக்காட்சி ஆய்வு நடுவம்’. டவுனில் ஒரு மாடியில் இருந்தது. பெயர்ப்பலகை கட்டடத்தின் முகப்பைவிட நீளமானதால், ‘நடுவம்’ என்ற சொல் மட்டும் திரும்பிப் பக்கத்துச் சுவரில் இருந்தது. கோதிக் என்றால் என்ன என்று நானும் விசாரித்தேன். இடிந்த மாளிகை, பனிமூட்டம், காற்றில் அடித்துக்கொள்ளும் சன்னல், மாடியில் பூட்டிய அறை, இவற்றுக்கு நடுவில் ஒரு கொலை விழுந்தால் அது கோதிக். இவை எதுவும் இல்லாமல் விழுந்தால் அது வெறும் கொலை, அதற்கு ஆய்வு நிதி கிடையாது.

நடுவத்தின் தலைவர் டாக்டர் குமரகுருபரன். சித்திரை வெயிலிலும் கறுப்புக் கோட்டுப் போட்டிருப்பார். ஏன் என்று கேட்டால், வெயில் ஒரு மனநிலை என்பார். அவருடைய கொள்கை சுருக்கமானது: குற்றம் செய்வது மனிதன் இல்லை, அவன் வாழும் நிலம். அந்த நிலத்தைத் தேடி அவரும் மாணவர்களும் மூன்று மாதம் இந்தப் பள்ளத்தாக்கு முழுக்க வேனில் அலைந்தார்கள். பாபநாசத்துக்குப் போனார்கள். அருவியில் இருநூறு பேர் எண்ணெய் தேய்த்துக்கொண்டு நின்றார்கள், ஒரு பிணம் போட இடமில்லை. கங்கைகொண்டான் பக்கம் போனார்கள். தொழிற்சாலைச் சன்னல்கள் எல்லாம் சரியாக மூடின. ஒரு காலையில் தூரத்தில் பனிமூட்டம் தெரிந்தது என்று கேமராவோடு ஓடினார்கள். நெல் அவிக்கிற ஆவி. எங்கே பார்த்தாலும் வயலும் வாழையும் வெளிச்சமும். இப்படிப்பட்ட பொறுப்பில்லாத நிலத்தை நான் பார்த்ததே இல்லை என்று குமரகுருபரன் வருத்தப்பட்டாராம்.

அப்புறம் ஆலங்கரைப் படுகையில் பள்ளத்தைப் பார்த்தார்கள். கறுப்புத் தண்ணீர், செங்குத்தான கரை, பயந்து ஒதுங்கிய ஊர், ஓரத்தில் ஒற்றை நீர்க்காகம். டாக்டருக்குக் கண் கலங்கிவிட்டது. யாராவது இதில் செத்திருக்கிறார்களா என்று வாழைக்குத் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தவரிடம் கேட்டார். ஆமாம் என்றதும் அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

ஆறுமுகத்தாய் தன் வீட்டில் நஃபீஸத்தோடு உட்கார்ந்து பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். நஃபீஸத் அடுத்த தெரு. இருபது வருஷமாக இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து, மடியில் தட்டை வைத்துக்கொண்டு சுற்றுகிறவர்கள். குமரகுருபரன் உள்ளே வந்து, தங்கள் இழப்புக்கு வாழ்த்துகள் என்றார். பிறகு திருத்திக்கொண்டார். கூட வந்த ஆய்வு மாணவி சுப்ரஜா ஒரு படிவத்தை எடுத்தாள்.

சம்பவத்தின்போது பனிமூட்டம் இருந்ததா? இல்லை, உச்சி வெயில். தூரத்தில் நாய் ஊளையிட்டதா? நாய் லாரிக்கு அடியில் தூங்கியது. இறந்தவரின் குடும்பத்தில் சாபம் உண்டா? சர்க்கரை உண்டு.

நம் பக்கத்தில் ஆற்றுப் படுகையில் உச்சிப்பொழுதுக்குத்தானே பயப்படுவோம்? பிள்ளைகளைப் பன்னிரண்டு மணிக்கு அந்தப் பக்கம் விடவே மாட்டோம். ஆனால் படிவத்தில் நள்ளிரவுக்குத்தான் கட்டம் இருந்தது. சுப்ரஜா திரும்பிப் பார்த்தாள். ‘நண்பகல் நள்ளிரவு’ என்று போடச் சொன்னார் டாக்டர்.

ஆறுமுகத்தாய் ஒன்றே ஒன்று கேட்டாள். அங்கே பள்ளம் இருக்கிறது என்று எழுதுவீர்களா? டாக்டர் சிரித்தார். நானூறு பக்கம் எழுதப் போவதாகவும், கருத்தரங்கில் அந்தப் பள்ளத்துக்கு ஆண்டின் சிறந்த கோதிக் நிலக்காட்சி விருதே தரப்போவதாகவும் சொன்னார். அவள் வந்து மேடையில் இருந்தால் போதும்.

அவர்கள் போன பிறகு அவள் நஃபீஸத்தைப் பார்த்தாள். நஃபீஸத் நூலைப் பல்லால் அறுத்துவிட்டுச் சொன்னாள்:

“போ யக்கா. ஆபீஸ்ல உள்ளவன் எழுத மாட்டேங்கான். இந்தக் கிறுக்கனுவளாவது எழுதட்டும்.”

வைகாசியில் கருத்தரங்கு. மண்டபத்தில் பனிமூட்டம் வேண்டும் என்பதற்காகக் கல்யாண வீடுகளில் மாப்பிள்ளை நுழையும்போது புகை விடுவார்களே, அந்த இயந்திரத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காலை பத்து மணிக்குப் புகையை விட்டார்கள். அது மேடைக்கு வராமல் சமையல்கட்டுக்குப் போனது. தீப்பிடித்துவிட்டது என்று சமையல்காரர் கரண்டியோடு வெளியே ஓடினார்.

ஆறுமுகத்தாய்க்கு ஒரு வெள்ளைச் சேலை கொடுத்தார்கள். அவள் நீலப் பூப்போட்ட சேலையில் வந்திருந்தது ஆய்வுக்கு ஒத்துவரவில்லை. முடியை அவிழ்த்துவிடச் சொன்னார்கள், அவள் மாட்டேன் என்றாள். பேச வேண்டாம் என்றும், யார் எது கேட்டாலும் தூரமாகப் பார்க்க வேண்டும் என்றும் டாக்டர் சொல்லிக்கொடுத்தார். தூரத்தில் ஒரு சுவர்க்கடிகாரம் இருந்தது. நின்றுபோயிருந்தது. அவள் அதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

பிறகு, சும்மா உட்கார்ந்திருக்கிறாளே என்று அவள் கையில் தாம்பாளத்தைக் கொடுத்தார்கள். அதில் பதினோரு பொன்னாடைகளும் ஒரு கேடயமும் இருந்தன. விழாக்களில் தாம்பாளம் பிடிப்பவர் கை நடுங்கி ஆடைகள் சரிவது வழக்கம். ஆறுமுகத்தாயிடம் ஒரு நூல் சரியவில்லை. தட்டை வைத்திருப்பதில் இருபது வருஷப் பழக்கம்.

டாக்டர் ஒன்றரை மணி நேரம் பேசினார். பள்ளம் என்பது நிலத்தின் ஆதிக் காயம் என்றார். அது ஆயிரம் ஆண்டுகளாக இரைக்குக் காத்திருந்தது என்றார். ஆறுமுகத்தாய் சொல்லிக்கொடுத்ததை மறந்து, அதை வெட்டியது யார் என்று கேட்டுவிட்டாள். “அம்மா, கோதிக்கில் பள்ளத்தை யாரும் வெட்டுவதில்லை. அது தானாகத் திறந்துகொள்கிறது” என்றார் டாக்டர். கைதட்டல் அடங்க நேரமாயிற்று.

அடுத்து தில்லைநாயகம். ஆமாம், அதே தில்லைநாயகம்தான். அவர் நடுவத்தின் கௌரவ ஆலோசகர். எழுதிக்கொண்டு வந்து வாசித்தார்.

“இருபத்தாறு ஆண்டுப் பணியில் என் எல்லைக்குள் ஒரு குற்றம்கூட நடந்ததில்லை என்பதைப் பெருமையோடு சொல்கிறேன். நிகழ்வுகள் நடந்திருக்கின்றன. சுவர் விழுந்து ஆள் இறந்தால் நான் காற்று என்று எழுதுவேன். லாரி ஏறி இறந்தால் சாலையின் வளைவு என்று எழுதுவேன். மனிதர் யாரையும் நான் ஒருநாளும் குறை சொல்லி எழுதியதில்லை. இதற்குக் கோதிக் என்று பெயர் என்பது நடுவம் சொல்லித்தான் எனக்குத் தெரியும்.”

அவருக்கு ஒரு பொன்னாடை. ஆறுமுகத்தாய்தான் எடுத்துக் கொடுத்தாள். அவர் அவளை அடையாளம் கண்டு, பழக்கத்தில், அடுத்த மாதம் வாருங்கள் என்றார்.

விருதில் ஒரு சிக்கல் இருந்தது. பள்ளம் மேடைக்கு வர முடியாது. அதனால் ‘நிலக்காட்சிக்கு உரியவர்’ ஒருவர் வந்து வாங்க வேண்டும் என்பது விதி. அதற்கு ஆவுடைநாயகம் விண்ணப்பித்திருந்தார். ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், ஒரு காலத்தில் அந்தப் பக்கத்து வயல்களெல்லாம் அவர் குடும்பத்தினுடையவை. கொசுவை அடித்தால்கூடக் கை கழுவுகிற மனிதர். ‘எங்கள் குடும்பக் கொலைகள்: ஓர் அறிமுகம்’ என்று கட்டுரை வாசித்தார். அந்தப் பள்ளத்தைத் தன் கொள்ளுத்தாத்தா வெட்டியதாகவும், அதில் இரண்டு கணக்கப்பிள்ளைகளையும் ஒரு சமையல்காரரையும் தள்ளியதாகவும், சமையல்காரர் விஷயத்தில் காரணம் இன்னும் தெளிவாகவில்லை என்றும் சொன்னார். உண்மையில் அந்தக் கொள்ளுத்தாத்தா வாழ்நாள் முழுக்க வழக்கு மட்டும்தான் போட்டவர். ஆனால் யார் வீட்டுப் பெரியவர் அதிகக் கொடூரமானவர் என்பதற்கு மதிப்பு வந்துவிட்ட காலத்தில், வெறும் வழக்குக்காரரின் கொள்ளுப்பேரன் என்று எப்படி இருப்பது?

அரங்கம் எழுந்து நின்று கைதட்டியது. டாக்டர் கேடயத்தைத் தாம்பாளத்திலிருந்து எடுக்கக் கை நீட்டினார்.

அப்போதுதான் சிறப்பு விருந்தினர் எழுந்தார். குற்றாலலிங்கம் அண்ணாச்சி. மண்டபம், புகை, வேன், பதினோரு பொன்னாடை, மதியச் சாப்பாடு எல்லாம் அவர் உபயம். காலையிலிருந்து வாய் திறக்காமல் இருந்தவர், ஒலிவாங்கியை டாக்டர் கையிலிருந்து வாங்கிக்கொண்டார்.

“ஏம்வே ஆவுடைநாயகம், எந்தத் தாத்தா வெட்டுனாரு? மம்பட்டி பிடிச்ச குடும்பமாவே அது? மூணு வருசத்துக்கு முன்னால அது தரைவே, சமத்தரை. பயலுவ பந்து வெளையாண்டானுவ. ரெண்டு ஜேசிபி, பன்னெண்டு லாரி, ஏழு மாசம் மணல் எடுப்பு. நின்னு வெட்டுனது நான். நாப்பத்திரண்டு அடி, கயிறு போட்டு அளந்துருக்கேன். சுத்தி வேலி போடுங்கன்னு ஊர்ல வந்து சொன்னானுவ. போடல. வேலி போட்டிருந்தா இந்த அமைப்பு வந்துருக்குமா? நீங்களே சொல்லுங்க டாக்டரு.”

வந்திருக்காது என்று டாக்டர் நேர்மையாக ஒப்புக்கொண்டார்.

“பொறவு? காலையிலருந்து ஆதிங்கீய, நிலம்ங்கீய, இப்பம் தாத்தாங்கீய. பாடுபட்டவன் ஒருத்தன் முன்னால உக்காந்திருக்கேன், எம் பேரை ஒருத்தரும் சொல்ல மாட்டேங்கீய.”

அவர் குரல் உடைந்தது. கேலிக்காகச் சொல்லவில்லை, உண்மையாகவே உடைந்தது. அத்தனை பெரிய வேலையைச் செய்துவிட்டு, அதைச் செய்யவே இல்லை என்று மூன்று வருஷம் ஊர் ஊராகச் சொல்லிக்கொண்டிருப்பது ஒரு மனிதரை அரிக்கத்தானே செய்யும்?

டாக்டர் தர்மசங்கடப்பட்டார். பள்ளத்தை மனிதன் வெட்டினான் என்றால் கொள்கை போய்விடும். சாப்பாடு இன்னும் பரிமாறவில்லை. ஆகவே, நிலம் சில சமயம் ஒரு மனிதனைக் கருவியாகக் கொள்ளும் என்று கொள்கையைச் சற்று அகலப்படுத்தினார்.

ஆவுடைநாயகம் விடவில்லை. வெட்டுனதுக்கு ஆதாரம் வச்சிருக்கீயளா, எங்க வீட்டுல ஓலையே இருக்கு என்றார்.

“ஆதாரமா? இந்தா இருக்காரே தில்லைநாயகம், அவரைக் கேளும். மூணு தடவ வந்து நின்னு பாத்தாரு. ஓரத்துல நின்னு எளநி குடிச்சாரு. குடிச்ச மட்டையை எங்க தூக்கிப் போட்டாருன்னு கேளும்.”

அரங்கம் முழுவதும் தில்லைநாயகத்தைப் பார்த்தது. அவருக்கு வியர்த்தது. சிறப்பு விருந்தினரை இல்லை என்று சொல்ல முடியாது. எழுத்துபூர்வமான கோரிக்கை இல்லாமல் ஆமாம் என்றும் சொல்ல முடியாது. அதையே சொல்லிப் பார்த்தார். டாக்டர் உடனே ஒரு தாளில் கோரிக்கை எழுதி நீட்டினார். கோரிக்கை வந்துவிட்டால் பதில் போட்டாக வேண்டும், இருபத்தாறு வருஷக் கை அது. இது இலக்கியம்தானே என்று மட்டும் மெல்லக் கேட்டுக்கொண்டார். முழுக்க இலக்கியம் என்றார் டாக்டர். தில்லைநாயகம் நிம்மதியாக எழுதினார். ஆலங்கரைப் படுகையில் உள்ள நாற்பத்திரண்டு அடிப் பள்ளம், திரு. குற்றாலலிங்கம் அவர்களால் இரண்டு இயந்திரங்களைக் கொண்டு இரண்டு ஆண்டுகளுக்கு முன் மாசி மாதம் வெட்டி முடிக்கப்பட்டது, அன்று முதல் வேலி இன்றித் திறந்து கிடக்கிறது, இதை நேரில் மூன்று முறை பார்வையிட்டவன் என்ற முறையில் சான்றளிக்கிறேன். தேதி, கையெழுத்து. ரப்பர் முத்திரை எப்போதும் அவர் சட்டைப்பையில் இருக்கும். அதையும் குத்தினார்.

குத்திய காகிதத்தைத் தாம்பாளத்தில் வைத்தார்கள்.

ஆறுமுகத்தாய் அதைப் பார்த்தாள். ஐந்தாவது வரைதான் படித்தவள், ஆனால் ‘பள்ளம்’ என்ற சொல்லை ஓராண்டாக அவள் எந்த எழுத்திலும் கண்டுபிடிப்பாள். அந்த முத்திரையையும் தெரியும். அவளிடம் இருந்த மற்றக் காகிதத்தில் ‘குடிபோதையில்’ என்பதற்கு மேலே குத்தியிருந்ததும் இதே வட்டம்தான்.

குற்றாலலிங்கத்துக்குப் பொன்னாடை போர்த்தினார்கள். கேடயத்தைக் கொடுத்தார்கள். படம் எடுக்கப் புகையை மறுபடி விட்டு, எல்லோரும் வரிசையாக நின்றார்கள். “தூரமாகப் பாருங்கள், எல்லோரும் தூரமாகப் பாருங்கள்” என்றார் டாக்டர். மேடையில் இருந்த பதினோரு பேரும் நின்றுபோன கடிகாரத்தைப் பார்த்தார்கள். ஆறுமுகத்தாய் மட்டும் கிட்டே பார்த்தாள். காகிதத்தை எடுத்து நான்காக மடித்தாள், தாம்பாளத்தை நாற்காலியில் பைய வைத்தாள், மஞ்சள் பையை எடுத்துக்கொண்டு புகைக்குள் நடந்து வெளியே போய்விட்டாள். வெள்ளைச் சேலையில் புகைக்குள் மறைந்தது மிகவும் பொருத்தமாக இருந்தது என்று பிற்பாடு கருத்தரங்கு மலரில் எழுதினார்கள்.

வெளியே உச்சி வெயில். துணைக்கு வந்திருந்த நஃபீஸத் ஜெராக்ஸ் கடை வாசலில் காத்திருந்தாள். பன்னிரண்டு நகல். பதினொன்றைப் பதிவுத் தபாலில் மேலே உள்ள இடங்களுக்கு அனுப்பிவிட்டு, மறுநாள் தில்லைநாயகத்தின் மேசையில் ஒன்றை வைத்தாள் ஆறுமுகத்தாய். பக்கத்தில் ஆட்டின் சான்றையும் ஆட்டுக்காரரின் காகிதத்தையும் வைத்தாள்.

அவர் வழக்கம்போல முழுக்கப் படித்தார். படித்துவிட்டு, இது இலக்கியத்துக்காகக் கொடுத்தது என்றார்.

“அப்பம் இந்த முத்திரை எதுக்கு உள்ளது ஐயா?” என்று கேட்டாள்.

அவர் முத்திரையை விரலால் தேய்த்துப் பார்த்தார்.

“ஆட்டுக்குப் பள்ளம் இருக்கு. பள்ளத்துக்கு வெட்டுன ஆள் இருக்கு. எங்க வீட்டுக்காரரு மட்டும் எதுக்கு ஐயா ஆத்துல கெடக்கணும்?”

அடுத்த மாதம் என்று சொல்ல வாயெடுத்தவர், நஃபீஸத் கையில் இருந்த பதினொரு தபால் ரசீதுகளைப் பார்த்தார். அளவுகோலை எடுத்தார். அந்த வார்த்தையின்மேல் நேராக ஒரு கோடு போட்டார். கோடு மிக அழகாக வந்தது. மேலே, ‘பள்ளத்தில் விழுந்த ஆட்டை மீட்கச் சென்றபோது’ என்று எழுதினார். அந்தக் காகிதத்தின் நகல் ஒன்று நாங்குநேரிக்குப் போனது. சுகன்யாவின் மாமியார் அதை இரண்டு தடவை வாசித்துவிட்டு, ரொம்ப நாளைக்கு அப்புறம் மருமகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டாள். உப்பு எடுத்து வரச் சொல்லத்தான்.

பதினொரு தபாலில் ஒன்று வேலை செய்தது. போலீஸ் வந்தபோது குற்றாலலிங்கம் அண்ணாச்சி மறுக்கவில்லை. கேடயத்தையும் எடுத்துக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

நடுவத்திலிருந்து ஆறுமுகத்தாய்க்கு ஒரு கடிதம் வந்தது. விருதுச் சான்றை அவள் எடுத்துப்போனதால் விருது முழுமை பெறவில்லை. பள்ளத்தைச் சுற்றி வேலி வரப்போவதாகக் கேள்விப்படுவது நிலக்காட்சிக்குப் பெரும் இழப்பு. உபயதாரர் உள்ளே இருப்பதால் அடுத்த ஆண்டு கருத்தரங்கும் ஐயம். இவற்றுக்கெல்லாம் அவள்தான் பொறுப்பு. அந்த நடுவம் அதன் வரலாற்றில் நிலத்தை விட்டு ஒரு மனிதர்மேல் குற்றம் சாட்டியது அந்த ஒரு தடவைதான்.

வேலி இன்னும் வரவில்லை. பள்ளத்தின் கரையில் நடுவம் நட்டுவைத்த பலகை மட்டும் நின்றது. ‘ஆதிக் காயம். இங்கே குற்றம் செய்தது நிலம்.’ ஒருநாள் உச்சிப்பொழுதில் ஆறுமுகத்தாய் அதைப் பிடுங்கித் திருப்பி நட்டாள். நஃபீஸத் தார்ச்சட்டியைப் பிடித்துக்கொள்ள, வெறுமையாக இருந்த பின்பக்கத்தில், எழுத்துக்கூட்டி எழுதினாள்:

‘ஆழம் 42 அடி. வெட்டினது குற்றாலலிங்கம். விழுந்தது காசிலிங்கம். ஆட்டைப் பிடித்துக்கொள்ளுங்கள்.’